கடன் மேஜை கேள்வி-பதில்: கோல்ட்மேன் சாக்ஸுக்குப் பேசிய குரல்

கேள்வி: சார், என் அக்கா மகன் பெங்களூரில் இருக்கிறான். பேருக்கு ஒரு கம்பெனி தொடங்கி, அமெரிக்காவின் பெரிய முதலீட்டு வங்கி ஒன்றிடம் கோடிக்கணக்கில் வாங்கப் போகிறானாம். "வியாபாரம் பெரிதாகத் தெரிந்தால் போதும் மாமா, அவர்களே தேடி வருவார்கள்" என்கிறான். ஆரம்பச் செலவுக்கு என்னிடம் மூன்று லட்சம் கேட்கிறான். அவ்வளவு பெரிய வங்கியை இப்படியெல்லாம் மயக்க முடியுமா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர், தேனி)

பதில்: முதலில் அந்த மூன்று லட்சத்தைக் கொடுக்காதீர்கள். அக்கா வருத்தப்பட்டால் படட்டும். இப்போது கதைக்கு வருவோம்.

கலிஃபோர்னியாவில் ஓஸி மீடியா என்று ஒரு செய்தி நிறுவனம் இருந்தது. அதைத் தொடங்கியவர் கார்லோஸ் வாட்சன், முன்பு டிவி தொகுப்பாளர். 2021 பிப்ரவரியில் அந்த நிறுவனத்தில் 4 கோடி டாலர் போட அமெரிக்காவின் பெரிய முதலீட்டு வங்கியான கோல்ட்மேன் சாக்ஸ் யோசித்துக்கொண்டிருந்தது. நம் கணக்கில் அன்றைக்குச் சுமார் 290 கோடி ரூபாய். ஓஸியின் வீடியோக்கள் யூட்யூபில் உண்மையிலேயே அப்படி ஓடுகின்றனவா என்று யூட்யூப் உயரதிகாரி ஒருவரிடம் கேட்டுவிட வங்கி விரும்பியது. ஜூமில் சந்திப்பு ஏற்பாடானது. வரவேண்டியவர் தாமதமானார். அப்புறம், ஜூம் தகராறு செய்கிறது, சாதாரண போனிலேயே பேசிக்கொள்ளலாம் என்றார். பேசினார். பார்வையாளர்கள் குவிகிறார்கள், விளம்பர வருமானம் நன்றாக வருகிறது என்று ஒரே புகழ்ச்சி. ஆனால் குரல்தான் என்னமோ மாதிரி இருந்தது, எதையோ போட்டு மாற்றியதுபோல.

பேசியவர் யூட்யூப்காரரே இல்லை. ஓஸியின் இன்னொரு நிறுவனரான சமீர் ராவ். பேசும்போதே வாட்சன் அவருக்கு மெசேஜில் வசனம் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பது பின்னால் வழக்கில் வெளிவந்தது. 'நீ இப்போது ஓஸி ஆள் இல்லை, அதற்குத் தகுந்த மாதிரி பேசு' என்றுகூடத் திருத்தியிருக்கிறார். அதாவது, ஓஸியைப் பற்றிப் பேசும்போது 'நாங்கள்' என்று வாய்தவறி வந்துவிடக் கூடாது! நாடகத்தில் திரைக்குப் பின்னால் வசனம் எடுத்துக் கொடுக்க ஆள் வைத்தால் இப்படித்தான்.

எப்படி மாட்டினார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். சந்திப்புக்கு முன்னால் அந்த 'அதிகாரி' கொடுத்திருந்தது ஒரு ஜிமெயில் முகவரி. வங்கித் தரப்பில் ஒருவர் அதை ஒதுக்கிவிட்டு, யூட்யூபில் அதே அதிகாரியின் உதவியாளரைத் தொடர்புகொண்டார். 'அவர் உங்களோடு பேசவே இல்லையே' என்பதுதான் கிடைத்த பதில். பணம் போகவில்லை.

நான் கடன் பிரிவில் இருந்த காலத்தில், சம்பளச் சான்றிதழோடு வருகிறவர் செல்போனை நீட்டி, "எங்க மேனேஜர் லைன்ல இருக்கார், நீங்களே கேட்டுக்கோங்க சார்" என்பார். வாங்கிப் பேசுவோம், தலையாட்டுவோம். அவர் டீ குடிக்கப் போனதும் டைரக்டரியில் அந்த ஆபீஸின் லேண்ட்லைனைத் தேடி எடுத்துக் கூப்பிடுவோம். "அப்படி யாரும் இங்கே வேலை பார்க்கலையே" என்று எதிர்முனையில் கேட்டதும் உண்டு. சான்றிதழில் சீல் மட்டும் அவ்வளவு பளிச்சென்று இருக்கும்.

கேள்வி: அந்த வழக்கில் சுந்தர் பிச்சை சாட்சி சொன்னாராமே, நிஜமா?
(வாசகி, மதுரை)

பதில்: நிஜம்தான். உங்கள் ஊரில் பிறந்த அந்த கூகுள் தலைமை அதிகாரி 2024 ஜூலையில் நியூயார்க்கின் புரூக்ளின் நீதிமன்றத்தில் கூண்டேறினார். கூகுள் ஓஸியை 60 கோடி டாலருக்கு வாங்கக் கேட்டதாக முதலீட்டாளர்களிடம் பரப்பியிருந்தார் வாட்சன். அப்படி எதுவும் கேட்கவில்லை என்று பிச்சை சொல்லிவிட்டார். வாட்சனை கூகுளில் வேலைக்கு எடுக்க யோசித்தது மட்டும் உண்மை.

ராவ் முன்பே குற்றத்தை ஒப்புக்கொண்டு எதிர்சாட்சியாகிவிட்டார். எல்லாம் ராவ் செய்த வேலை என்று வாட்சன் சொன்னதை நடுவர் குழு ஏற்கவில்லை. 116 மாதச் சிறை. ஆனால் 2025 மார்ச்சில், அவர் சிறைக்குப் போக வேண்டிய நேரத்தில், அதிபர் டிரம்ப் தண்டனையை ரத்து செய்துவிட்டார். எனக்கு இதில் சம்மதமில்லை. கேட்பார் யார்?

கேள்வி: கோல்ட்மேன் தப்பித்தது, சரி. நிஜமாகவே ஏமாந்த பெரிய வங்கி உண்டா?
(கல்லூரி மாணவர், கோவை)

பதில்: ஜேபி மார்கன் சேஸ். அமெரிக்க மாணவர்கள் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்க வழிசெய்த 'ஃபிராங்க்' என்ற நிறுவனத்தை 2021-ல் 17.5 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 42.5 லட்சம் வாடிக்கையாளர்கள் இருப்பதாகச் சொன்னார் நிறுவனர் சார்லி ஜாவிஸ். இருந்தது 3 லட்சத்துக்கும் குறைவு. பட்டியல் கேட்டபோது, ஒரு பேராசிரியருக்கு 18,000 டாலர் கொடுத்து இல்லாத மாணவர்களைக் கணினியில் 'உருவாக்க' வைத்தார். வங்கித் தரப்பு பட்டியலில் எத்தனை வரிசை என்று எண்ணிப் பார்த்ததோடு சரி. அதில் பத்துப் பேரைக் கூப்பிட்டிருந்தால் போதும். வாங்கிய பிறகு 4 லட்சம் பேருக்கு ஈமெயில் அனுப்பிப் பார்த்தார்கள். போய்ச் சேர்ந்தது 28 சதவீதம்தான்.

2025-ல் ஜாவிஸுக்கு 85 மாதச் சிறை விதித்த நீதிபதி, வங்கியையும் ஒரு பிடி பிடித்தார். இதைவிட வேடிக்கை, வாங்கும்போது போட்ட ஒப்பந்தத்தின்படி ஜாவிஸ் தரப்பின் வக்கீல் செலவை வங்கியே கொடுக்க வேண்டும் என்று அமெரிக்காவின் டெலவேர் மாநில நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜாவிஸுக்கும் உடன் குற்றம் சாட்டப்பட்டவருக்குமாக அந்த பில் மட்டும் 10 கோடி டாலரைத் தாண்டியது.