ஸ்பிரேக்கு அசையாத கரப்பான்கள்: விரட்டாத மருந்தை எப்படி வைப்பது?

"சமையலறையில் சின்னச் சின்னக் கரப்பான்கள். ஏழெட்டு மாதமாக வாரம் தவறாமல் ஸ்பிரே அடிக்கிறேன். அடித்த அன்று நாலு செத்துக் கிடக்கும். இப்போது படுக்கையறையிலும் தென்படுகின்றன. 'விரட்டாத பூச்சிமருந்து' வாங்கச் சொல்கிறார்கள். வீட்டில் தவழும் குழந்தையும் ஒரு பூனையும் உண்டு. பயமில்லாமல் பயன்படுத்தலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

பயன்படுத்தலாம். முதலில் அந்த ஸ்பிரே டப்பாவை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். அது வெளியே இருக்கும்வரை நான் சொல்லப்போகும் எதுவும் பலிக்காது.

ஸ்பிரேக்களில் இருப்பது பெரும்பாலும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள். நேராக மேலே பட்ட கரப்பான் சாகும். காலில் லேசாகப் பட்டது எரிச்சல் தாங்காமல் வேறு இடம் தேடி ஓடும். உங்கள் படுக்கையறைக்கு அவை வந்த வழி இதுவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். நீங்கள் சொல்லும் சின்ன வகை ஜெர்மன் கரப்பானாக இருக்கும்: நீளம் ஒன்றரை சென்டிமீட்டர் போல, தலைக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகள். ஒரு முட்டைப்பையிலிருந்து 30, 40 குஞ்சுகள் வரும். மருந்துக்குத் தப்பியதன் குஞ்சுகளே அடுத்தடுத்துப் பெருகுவதால், பைரித்ராய்டைத் தாங்கும் கூட்டம் சீக்கிரமே உருவாகிவிடுகிறது.

விரட்டாத மருந்து வேறு மாதிரி வேலை செய்யும். ஃபிப்ரோனில், இண்டாக்ஸாகார்ப், குளோர்ஃபெனாபைர் எல்லாம் இந்த வகை. மருந்து இருப்பது கரப்பானுக்குத் தெரியாது. அதன்மேல் நடக்கும், தின்னும், வழக்கம்போல இடுக்குக்குத் திரும்பும். சாவு மெதுவாக வருவதால் அதற்குள் கூட்டத்தோடு சேர்ந்துவிடும். இடுக்கை விட்டு அதிகம் வெளியே வராத குஞ்சுகள் பெரியவற்றின் எச்சத்தைத் தின்று வளர்பவை. செத்த கரப்பானையும் மற்றவை தின்னும். அப்படித்தான் நம் கை எட்டாத இடத்துக்கு மருந்து போகிறது.

குளோர்ஃபெனாபைரின் சூட்சுமம் எனக்கு மிகவும் பிடித்தது. புட்டியில் இருக்கும்போது அது முழு நஞ்சு ஆகவில்லை. பூச்சியின் உடலில் நஞ்சை உடைக்கும் நொதிகள் உண்டு. பைரித்ராய்டைத் தாங்கும் கரப்பான்கள் பலவற்றில் அவை கூடுதலாகவே இருக்கும். அந்த நொதிகளே குளோர்ஃபெனாபைரைக் கொல்லும் வடிவத்துக்கு மாற்றிக் கொடுக்கின்றன. பல ஸ்பிரேக்களில் சேர்க்கப்படும் பைப்பரோனில் பியூட்டாக்சைடு அதே நொதிகளை முடக்கக்கூடியது. ஸ்பிரே அடித்த இடத்தை விட்டுக் கரப்பான் விலகி ஓடும் என்பது ஒரு காரணம் என்றால், ஸ்பிரேயை இதோடு சேர்த்து அடிக்கக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

குழந்தையும் பூனையும் உள்ள வீட்டுக்கு நான் தெளிப்பு மருந்தைச் சொல்லமாட்டேன், ஜெல்லே போதும். ஃபிப்ரோனில் ஜெல்லில் மருந்தின் அளவு பொதுவாக 0.05 சதவீதம்தான், அதைத் திறந்த இடத்தில் வைக்கவும் தேவையில்லை. இரவு விளக்கை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து டார்ச்சோடு போய்ப் பாருங்கள். அலமாரிக் கதவின் கீல், சிங்க்கின் அடிவிளிம்பு, பிரிட்ஜின் பின்புறம் மோட்டார் இருக்கும் சூடான பகுதி. மிளகுத்தூள் சிந்தியதுபோல் கரும்புள்ளிகள் எங்கே இருக்கின்றனவோ, அங்கே குடியிருக்கின்றன. முன்பு ஸ்பிரே அடித்த இடமானால் சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் கீலின் உட்பக்கத்தில் கடுகை விடச் சற்றுப் பெரிய பொட்டாக ஒன்று வையுங்கள். ஒரே இடத்தில் பெரிய கட்டியாக வைப்பதைவிடப் பத்து இடத்தில் பத்துப் பொட்டு நல்லது. பாத்திரம் படும் இடம், குழந்தையின் கைக்கும் பூனையின் நாக்குக்கும் எட்டும் இடம் எதிலும் வேண்டாம். செத்து விழுந்தவற்றைப் பூனை விளையாட எடுக்குமுன் காலையிலேயே கூட்டி அள்ளிவிடுங்கள். (இன்னொன்று: பெர்மெத்ரின் கலந்த ஸ்பிரே பூனைக்குக் கடும் நஞ்சு. அதன் உடலால் அதைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது.)

தெளிப்பு மருந்து தேவைப்பட்டே தீரும் என்றால் பயிற்சி பெற்றவரை அழையுங்கள். அவரும் வெடிப்பு, இடுக்குகளில் மட்டுமே விடவேண்டும். தரை முழுக்க நனைக்கக் கூடாது. முழுவதும் காயும்வரை குழந்தையும் பூனையும் வெளியே இருக்கட்டும். மீன் தொட்டி இருந்தால் மூடி, காற்று பம்பை நிறுத்திவையுங்கள். மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றினால் நீரில் வாழும் உயிர்களுக்கு ஆபத்து. அளவைக் கூட்டினால் கரப்பான் கூட்டுக்குத் திரும்புமுன்பே செத்துவிடலாம், மருந்து பரவாது. வயலுக்கு விற்கும் புட்டியை வாங்கி வீட்டுக்குள் கலக்கவே கலக்காதீர்கள். மருந்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் அதன் செறிவும் கலவையும் வேறு.

பூச்சிக்கு எச்சரிக்கை தராத மருந்து சமயத்தில் மனிதருக்கும் தருவதில்லை. குளோர்ஃபெனாபைரை விழுங்கியவர்கள் முதல் நாட்களில் ஓரளவு நன்றாகவே இருப்பதுபோல் தெரிந்து, பிறகு கடும் காய்ச்சல், வியர்வை என்று திடீரென மோசமானது உண்டு. மாற்று மருந்து கிடையாது. அதனால் இந்த வகையில் எது வாய்க்குள் போனாலும் "ஒன்றும் தெரியவில்லையே" என்று காத்திருக்கக் கூடாது. வாந்தி எடுக்க வைக்காமல், புட்டியையோ லேபிளின் படத்தையோ எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். குடிநீர் பாட்டிலில் ஊற்றிவைக்கும் பழக்கம் ஒருபோதும் வேண்டாம்.

ஜெல் வைத்த முதல் சில நாட்களில் பகலிலேயே கரப்பான்கள் தள்ளாடி நடக்கும். அப்போது கை பரபரக்கும், ஸ்பிரேயைத் தொடாதீர்கள். அலமாரிக்குள் இரண்டு பசை அட்டைகள் வைத்து வாரம் ஒருமுறை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். முட்டைப்பைக்குள் இருப்பவற்றை மருந்து தொடாது என்பதால், தின்று தீர்ந்த அல்லது காய்ந்துபோன பொட்டுகளை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

ஜெல்லைச் சீந்தாமலே போகின்றன என்றால் அதன் இனிப்பு பிடிக்காத கூட்டமாக இருக்கலாம். குளுக்கோஸை வெறுக்கும் ஜெர்மன் கரப்பான்கள் இருப்பது 1993-லேயே பதிவாகியிருக்கிறது. இனிப்பு வேறான ஜெல்லுக்கு மாறுங்கள். மாறும்போது வேறு கம்பெனிப் பெயரைப் பார்த்து ஏமாறாமல், உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் பாருங்கள். பூச்சியைக் கொல்லும் விதத்தை வைத்து மருந்துகளுக்குத் தொகுதி எண் உண்டு: ஃபிப்ரோனில் 2பி தொகுதி, இண்டாக்ஸாகார்ப் 22ஏ. தொகுதி எண் மாறினால்தான் மருந்து மாறியதாகக் கணக்கு.