பீரோவில் பூட்டியது யாரை?

கேள்வி: என் மகளுக்கு 19 வயது. ஒரு விளையாட்டு வீராங்கனையை ஆதரித்து இன்ஸ்டாகிராமில் எழுதினாள். முகம் தெரியாதவர்கள் கூட்டமாக வந்து கேவலமாகத் திட்டினார்கள். ஒருவன் அவள் பெயரில் போலிக் கணக்கு தொடங்கி, நிர்வாணப் படத்தில் அவள் முகத்தை ஒட்டிப் போட்டிருக்கிறான். போன வாரம் அவள் கணக்கை அழித்து, போனை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். இப்போது வீடு அமைதியாக இருக்கிறது. ஆனால் மகள் என்னோடு பேசுவதில்லை. அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: வீடு அமைதியாக இருக்கிறதா? யாருக்கு அமைதி? போலிக் கணக்கும் படமும் அங்கேயேதான் இருக்கின்றன. அயோக்கியன் கையில் போன் இருக்கிறது, அடிபட்டவள் போன் பீரோவில். வேறு யாராவது உங்கள் மகளுக்கு இப்படித் தீர்ப்புச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருக்க மாட்டீர்களா? அவளுக்குப் புரியாமல் இல்லை. நன்றாகப் புரிந்ததால்தான் பேசவில்லை.

தண்டித்ததோடு நிற்கவில்லை, ஆதாரத்தையும் அழிக்கப் பார்த்திருக்கிறீர்கள். கணக்கை நீக்கச் சொன்ன பிறகும் இன்ஸ்டாகிராம் 30 நாள் அவகாசம் தரும். அதற்குள் உள்ளே நுழைந்தால் மீட்டுவிடலாம். ஒரு வாரத்தை வீணடித்தாயிற்று. போனை இன்றே கொடுங்கள், அவளே திறக்கட்டும்.

அடுத்து, யாரையும் அவசரப்பட்டு பிளாக் செய்யாதீர்கள். பிளாக் செய்தால் அவன் பக்கத்தில் உள்ளதை நீங்களே பார்க்க முடியாமல் போகலாம். முதலில் ஆதாரம். வசவை மட்டும் வெட்டி எடுத்த ஸ்கிரீன்ஷாட்டால் பெரிய பயன் இல்லை. கணக்கின் பெயர் தெரிய வேண்டும், பதிவின் இணைப்பையும் கணக்கின் இணைப்பையும் தனியாக நகலெடுத்து வைக்க வேண்டும். கமென்டுக்குப் பக்கத்தில் ‘3 நாள்’ என்பதுபோலத்தான் காட்டும், தேதி இருக்காது. ஆகவே எடுத்த தேதி, நேரத்தை எழுதிவையுங்கள். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால் அதை முதலில் எடுங்கள். கணக்கைத் திறப்பதிலிருந்து ஸ்கிரீன் ரெக்கார்டிங் ஒன்றும் இருக்கட்டும்.

இந்த வேலையை நீங்கள் செய்யுங்கள். அத்தனை சாக்கடையையும் அவள் இன்னொரு முறை படிக்க வேண்டுமா? பெற்றவன் எதற்கு இருக்கிறான்?

பிறகு ரிப்போர்ட். போலிக் கணக்கை ‘ஆள்மாறாட்டம்’ என்ற பிரிவில் கொடுங்கள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் இணைப்பை அனுப்பி ரிப்போர்ட் செய்யச் சொல்லாதீர்கள். எண்ணிக்கை கூடுவதால் முடிவு மாறாது, படம்தான் பரவும். சம்மதமில்லாமல் பரப்பப்படும் அந்தரங்கப் படங்களைத் தடுக்க ஸ்டாப் என்சிஐஐ (StopNCII.org) என்ற இலவச இணையதளம் இருக்கிறது, அது 18 வயது நிறைந்தவர்களுக்கானது. அங்கே படத்தை அனுப்பத் தேவையில்லை. போனிலேயே படத்துக்கு ஓர் எண்வரிசை உருவாகும், அது மட்டும்தான் போகும். அதை வைத்து ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்றவை அதே படத்தைக் கண்டுபிடித்துத் தடுக்கப் பார்க்கும். அவன் படத்தை வெட்டித் திருத்தி மறுபடி போட்டால் அது தப்பிவிடலாம். அப்போது புதிய படத்தையும் சேர்க்க வேண்டும்.

திட்டுபவர்களுக்குப் பதில் எழுத வேண்டாம். ஆதாரம் எடுத்த பிறகு அவர்களை ‘ரெஸ்ட்ரிக்ட்’ செய்யட்டும். அதன் பிறகு மகளின் பதிவுகளில் அவர்கள் எழுதும் கமென்ட் அவர்களுக்கு மட்டுமே தெரியும், தடுக்கப்பட்டதும் தெரியாது.

போலீஸ் புகாருக்கு மகள் சம்மதித்தால் கூடப் போங்கள். அங்கே அவள்தான் பேச வேண்டும். நீங்கள் ஆதாரக் கோப்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள், புகார் எண்ணை வாங்காமல் எழுந்திருக்காதீர்கள்.