ஒரே ஒரு ஆங்கிலச் சொல் கதையையே நகர்த்திச் செல்லும் செவ்வியல் படைப்பு ஏதாவது உண்டா?

உண்டு. ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ'. சொல், 'ஹானஸ்ட்' (honest). இன்றைய பொருளில் 'நேர்மையான'. அதுவும் 'ஹானஸ்டி'யும் சேர்ந்து 52 இடங்களில் வருவதாக வில்லியம் எம்ப்சன் என்ற விமர்சகர் எண்ணிச் சொல்லியிருக்கிறார்.

கதை தெரியாதவர்களுக்கு: ஒத்தெல்லோ வெனிஸின் படைத்தளபதி. தனக்கு வரவேண்டிய பதவி காசியோவுக்குப் போய்விட்ட கடுப்பில் இருக்கும் இயாகோ, தளபதியின் மனைவி டெஸ்டிமோனாவையும் காசியோவையும் முடிச்சுப்போட்டுப் பேசிச் சந்தேகத்தைக் கிளப்பிவிடுகிறான். கடைசியில் கணவன் கையாலேயே அவள் சாகிறாள். இந்த இயாகோவைத்தான் ஆளாளுக்கு 'ஹானஸ்ட் இயாகோ' என்கிறார்கள்.

'யோக்கியன் வர்றான், செம்பை எடுத்து உள்ளே வை' என்போமே, அந்தக் குத்தல் இதில் துளியும் இல்லை. 'ஜூலியஸ் சீசர்' நாடகத்தில் ஆண்டனி, சீசரைக் கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸை மாண்புள்ளவர் என்று திரும்பத் திரும்பச் சொல்வது அப்பட்டமான குத்தல். கேட்கும் கூட்டத்துக்கும் அது புரிந்துவிடுகிறது. இங்கே காசியோ, ஒத்தெல்லோ எல்லோருமே மனசார நம்பித்தான் சொல்கிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் நமக்குத்தான் வயிற்றைப் பிசைகிறது.

அந்தக் காலத்தில் இச்சொல்லை ஆணுக்குச் சொன்னால் நேர்மை, பெண்ணுக்குச் சொன்னால் கற்பு. ஷேக்ஸ்பியர் விளையாடுவது இந்த இடத்தில்தான். நேரமில்லாதவர்கள் மூன்றாம் அங்கத்தின் மூன்றாம் காட்சியை மட்டுமாவது படியுங்கள். காசியோ ஹானஸ்ட்தானே என்று கேட்கிறான் ஒத்தெல்லோ. "ஹானஸ்டா, பிரபு?" என்று இழுக்கிறான் இயாகோ. அவ்வளவுதான், வேறு எதுவும் சொல்லவில்லை. அந்த இழுவையிலேயே விஷம் ஏறிவிடுகிறது. கொஞ்ச நேரத்தில், யாரும் கேட்காமலே, "டெஸ்டிமோனா ஹானஸ்ட் என்றுதான் நினைக்கிறேன்" என்கிறான் ஒத்தெல்லோ. காசியோவைப் பற்றி எழுந்த கேள்வி மனைவியின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. அப்போதும் இயாகோவின் ஹானஸ்டி மேல் அவனுக்குச் சந்தேகம் வரவில்லை!

இன்னொன்றையும் எம்ப்சன் கவனிக்கிறார். கீழே இருப்பவனை மேலே இருப்பவர்கள் தட்டிக்கொடுக்கிற தொனியும் இந்தச் சொல்லுக்கு உண்டு. 'நம்ம பையன், நம்பலாம்' என்கிற மாதிரி. பதவி கிடைக்காதவனுக்கு இந்தப் பாராட்டு எவ்வளவு எரிந்திருக்கும்!

ஊரே வேசி என்று பேசும் பியாங்காவுக்கும் ஒரு வரி உண்டு. இயாகோவின் மனைவி எமிலியா அவளைத் திட்ட, "உன்னைப் போலவே நானும் ஹானஸ்ட்தான்" என்று திருப்பிக் கொடுக்கிறாள். எனக்கு நாடகத்திலேயே பிடித்த பதிலடி.

அடுத்த காட்சியில் டெஸ்டிமோனா செத்துக் கிடக்கிறாள். அவள் கற்பு தவறியவள் என்று சொன்னது யார் என்று எமிலியா கேட்கிறாள். உன் கணவன்தான், "ஹானஸ்ட், ஹானஸ்ட் இயாகோ" என்று இரண்டு தடவை அழுத்திச் சொல்கிறான் ஒத்தெல்லோ. அதற்கு எமிலியா: அப்படிச் சொல்லியிருந்தால் அவன் ஆத்மா நாளுக்கு அரைக் குன்றிமணி வீதம் அழுகட்டும்.