வீட்டில் செய்த சன்ஸ்கிரீன் பூசியும் தோல் எரிகிறதா?

தேங்காய் எண்ணெய், ஷியா வெண்ணெய், தேன்மெழுகு உருக்கி, ஜிங்க் ஆக்சைடு கலந்து, வாசனைக்கு எலுமிச்சை எண்ணெயும் விட்டுப் பூசினேன், ஆனாலும் தோள் திட்டுத்திட்டாகச் சிவந்து எரிகிறது என்கிறீர்கள். தயவுசெய்து அதைப் பூசிக்கொண்டு இனி வெயிலில் போகாதீர்கள்.

ஜிங்க் ஆக்சைடு நல்ல பொருள்தான், வெயிலில் உள்ள யுவிஏ, யுவிபி என்ற இரு வகைப் புற ஊதாக் கதிர்களையும் தடுக்கும். ஆனால் கையால் எவ்வளவு கிளறினாலும் அந்தப் பொடி கண்ணுக்குத் தெரியாத கட்டிகளாகத்தான் நிற்கும், பூசும்போது சீராக வெள்ளையாகத் தெரிந்தாலும் கட்டிகளுக்கு நடுவில் வெறும் எண்ணெய் மட்டுமே இருக்கும், அங்கேதான் வெயில் நேராக இறங்குகிறது. ஜிங்க் ஆக்சைடு 20 சதவீதம் போட்டால் எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து எவ்வளவு பாதுகாப்பு என்று காட்டும் எண்) 20 வந்துவிடும் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள், ஆய்வகத்தில் சோதிக்காமல் அந்த எண் யாருக்கும் தெரியாது.

எலுமிச்சை எண்ணெய் இன்னும் மோசம். பழத்தோலைப் பிழிந்து எடுத்த எண்ணெயில் ஃபியூரோகூமரின் என்ற வேதிப்பொருள் இருக்கும், அது வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கும், கருந்திட்டு மாதக்கணக்கில் நிற்கும். எலுமிச்சை இனத்துப் பெர்கமோட் பழத்தின் எண்ணெயும் அப்படித்தான்.

இப்போதைக்கு குளிர்ந்த நீரில் நனைத்த துணியை எரியும் இடத்தில் போடுங்கள், கொப்புளம் வந்தால் உடைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வெயிலைத் தடுக்க கிரீம்களில் சேர்க்கும் ரசாயன வடிகட்டிகள் வேண்டாம் என்பதுதான் உங்கள் கவலை என்றால், ஜிங்க் ஆக்சைடு மட்டுமே உள்ள, எஸ்பிஎஃப் 30க்குக் குறையாத, வாசனை சேர்க்காத கிரீமாக வாங்குங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும், வியர்த்தால் அதற்கு முன்பே. தோளுக்கு முழுக்கைச் சட்டை போதும், சரியா? எலுமிச்சை எண்ணெய் இல்லாமல் செய்தால் உங்கள் கலவை ராத்திரியில் வறண்ட குதிகாலுக்கு அருமையாக இருக்கும்.