மங்கிப்போன ரேடியம் எண்கள்

அன்புள்ள ஐயா,

பழைய சாவி டைம்பீஸ்கள் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். சமீபத்தில் ஒரு வெஸ்ட்க்ளாக்ஸ் பேபி பென் கிடைத்தது. நன்றாக ஓடுகிறது, மணியும் அடிக்கிறது. இருட்டில் ஒளிர வேண்டிய எண்கள்தான் பழுப்பேறி மங்கிவிட்டன. பழைய பூச்சைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசித் தருகிறேன் என்கிறார் கடிகாரம் பழுது பார்ப்பவர். கொடுக்கலாமா? முழுக்கச் சாவி கொடுத்தால் ஸ்பிரிங் போய்விடும் என்பது உண்மையா?

ஆர்., திண்டுக்கல்

அன்புள்ள ஆர்.,

கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே போய்த் திரும்ப வாங்கிவிடுங்கள். சுரண்ட வேண்டாம் என்று அவரிடமும் சொல்லுங்கள், அவர் உயிரும் முக்கியம்.

இன்று கடைகளில் ரேடியம் ஸ்டிக்கர் என்று விற்பதில் ரேடியம் கிடையாது. உங்கள் டைம்பீஸில் இருப்பது பெரும்பாலும் அசல் ரேடியம், அதாவது கதிர்வீச்சை வெளியிடும் ஓர் உலோகம். அதைத் துத்தநாக சல்ஃபைடோடு கலந்து பூசினார்கள். ரேடியத்தின் கதிர் பட்டு சல்ஃபைடு இரவெல்லாம் தானாக ஒளிர்ந்தது. அதே கதிர் பட்டுப் பட்டே சில பத்தாண்டுகளில் சல்ஃபைடு செத்துப்போனது. ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலம், 1600 ஆண்டுகள், ஆகவே அது அப்படியே இருக்கிறது. ஒளிதான் போயிருக்கிறது, வீரியம் போகவில்லை. முள் பல வருடம் ஒரே இடத்தில் நின்றுவிட்ட கடிகாரங்களில், முகப்பில் அந்த முள்ளின் வடிவத்திலேயே ஒரு பழுப்புத் தழும்பு விழுந்திருக்கும். உங்களுடையதில் இருக்கிறதா என்று கண்ணாடிக்கு வெளியே இருந்தே பாருங்கள்.

வெஸ்ட்க்ளாக்ஸ் முகப்புகளுக்கு ரேடியம் பூசியவர்கள் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற சிற்றூரில் ரேடியம் டயல் நிறுவனத்தில் வேலை பார்த்த இளம்பெண்கள். எண்கள் மெல்லியதாக விழ வேண்டும் என்பதற்காகத் தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினார்கள். உள்ளே போன ரேடியம் கால்சியம் போலவே எலும்பில் போய்ச் சேர்ந்தது. தாடை அழுகியது, எலும்பில் புற்றுநோய் வந்தது. அவர்களில் ஒருவரான கேத்தரின் டோனஹ்யூ படுத்த படுக்கையில் இருந்தபடியே சாட்சி சொல்லி, நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் 1938-ல் வென்றார். அதே ஆண்டில் இறந்தும் போனார். பேபி பென்னைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவரும் அந்தப் பெண்களைத் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பயந்துபோய்த் தூக்கிப் போட வேண்டியதில்லை. கண்ணாடி விரிசலில்லாமல் மூடியிருக்கும்வரை பெரிய ஆபத்து இல்லை. பூச்சு தூளாகி மூச்சிலோ வாயிலோ போவதுதான் ஆபத்து. தலைமாட்டில் வைக்காமல், குழந்தைகள் கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள். இந்த ஒன்றை சர்வீஸுக்கும் திறக்க வேண்டாம், ஓடும்வரை ஓடட்டும்.

அப்புறம் சாவி. முழுக்கக் கொடுப்பதால் ஸ்பிரிங் கெடாது. பழைய எண்ணெய் பிசினாக இறுகிச் சக்கரங்களைப் பிடித்துக்கொள்ளும்போது, சாவி அதிகமாகிவிட்டது என்று பழி சொல்லிவிடுவார்கள். ரேடியம் இல்லாத மற்ற டைம்பீஸ்களைத் தாராளமாகக் கழற்றிச் சுத்தம் செய்யக் கொடுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் விட வேண்டாம், கடிகார எண்ணெய் என்று கேட்டு வாங்குங்கள்.