வேலையை விடுகிறேன் என்கிறார்

வணக்கம் ஐயா. கணவருக்கு 47 வயது. சிங்கப்பூர் துவாஸ் வட்டாரக் கிடங்கொன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். பதினெட்டு வருடமாக ஒரே நிறுவனம், மாதச் சம்பளம் 2,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). நான் பள்ளிக் கேண்டீனில் பகுதிநேரம். மகன் ஐடிஇ தொழிற்கல்விக் கழகத்தில், மகள் உயர்நிலை மூன்று. ஆறு மாதமாக மனிதர் வேறு ஆளாக இருக்கிறார். படுக்கையை ஹாலுக்கு மாற்றிக்கொண்டார், எதைக் கேட்டாலும் வள்ளென்று விழுகிறார். "இருபத்தாறு வயசுப் பையன் எனக்கு சூப்பர்வைசர். இந்த மாசத்தோட விட்டுட்டு வாடகை கார் ஓட்டப் போறேன்" என்கிறார். கார் வாடகை நாளுக்கு 70 வெள்ளியாம். வீட்டுத் தவணை மாதம் 850. "இந்த வயசுல புத்தி கெட்டுப்போச்சா?" என்று நானும் கத்திவிட்டேன். அதிலிருந்து பேச்சே இல்லை. என்ன செய்வது?

உட்லண்ட்ஸ் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

ராஜினாமாக் கடிதம் மட்டும் இப்போதைக்குப் போக வேண்டாம். ஆட்குறைப்பில் வேலை இழந்தவருக்கு ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டத்தில் ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை கிடைக்கலாம். தானாக விட்டவருக்கு அது கிடையாது.

அடுத்தது சிபிஎஃப், அதாவது மத்திய சேம நிதி. அவர் 20 விழுக்காடு, முதலாளி 17 விழுக்காடு போடுகிறார்கள். 45 வயதைத் தாண்டி 50 வரை, சம்பளத்தில் 19 விழுக்காடு சாதாரணக் கணக்குக்குப் போகும். அவருக்கு அது மாதம் 532 வெள்ளி. தவணையில் பெரும்பங்கு இங்கிருந்துதான் கழியும், அதனால் வீட்டில் யார் கண்ணிலும் படுவதில்லை. கார் ஓட்டப் போனால் இந்த வரவு நின்றுவிடும். செயலி வழி ஓட்டுபவர்களில் 1995க்கு முன் பிறந்தவர்கள் விரும்பினால் கூடுதல் சிபிஎஃப் கட்டச் சேரலாம். சேர்ந்தபின் விலக முடியாது, விகிதமும் சில ஆண்டுகளில் படிப்படியாகத்தான் உயரும். ஆகவே தவணைக்கு ரொக்கம் தேட வேண்டிவரும்.

இப்போது அவர் கைக்கு வருவது 2,240. தவணைக்கு 532, காருக்கு முப்பது நாளுக்கு 2,100. இப்போதுள்ள நிலையிலேயே இருக்க, இவற்றைக் கூட்டினால் மாதம் 4,872 ஓட்டி எடுக்க வேண்டும். மாதம் 26 நாள் ஓட்டினால் நாளுக்கு 187 வெள்ளி. இதில் பெட்ரோல் சேரவில்லை, செயலி நிறுவனம் எடுக்கும் பங்கு சேரவில்லை, ஓட்டுநர் கட்ட வேண்டிய மெடிசேவ் (மருத்துவச் சேமிப்பு) பணமும் சேரவில்லை. காய்ச்சலில் படுத்த நாளுக்கும் கார் வாடகை ஓடும். இதை ஒரு தாளில் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதிக் காட்டினால் அது குற்றப்பத்திரிகையாகிவிடும்.

வேலையில் இருந்தாலும் ஒன்று காத்திருக்கிறது. ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அடுத்த மாதம் முதல் சாதாரணக் கணக்குக்குப் போகும் பங்கு 15 விழுக்காடாகக் குறையும். 2,800க்கு அது 420. தவணையில் 112 வெள்ளி துண்டு விழும். இன்னும் மூன்று வருடம்தான்.

இவ்வளவும் பணக் கணக்கு. அந்த சூப்பர்வைசர் விஷயம் வேறு. பதினெட்டு வருட அனுபவத்துக்கு மரியாதை இல்லை என்ற வலி அவருக்கு, அதன் மேல்தான் "புத்தி கெட்டுப்போச்சா" விழுந்திருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் மன்னிப்புக் கேளுங்கள், கார் யோசனைக்குத் தலையாட்ட வேண்டியதில்லை. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த காலையில் பேசாதீர்கள். விடுமுறை நாளில், பிள்ளைகள் இல்லாத நேரத்தில், கீழே கோப்பிக்கடையில் உட்காருங்கள். "காரில் எது பிடிக்கிறது? யாரும் ஏவாததா?" என்று கேளுங்கள். ஆமென்றால் ஷிஃப்ட் மாற்றம், வேறு பிரிவு, பயிற்சி தரும் வேலை என்று அங்கேயே கேட்டுப்பார்க்க வழி உண்டு. 40 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்கு 2024 மே மாதம் சேர்ந்த 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் பயிற்சித் தொகை அவர் கணக்கிலும் இருக்கலாம். அது காலாவதியாகாது. கிடங்கு மேற்பார்வை, பராமரிப்பு போன்ற தகுதியான பயிற்சிகளில் எதற்கு அதைப் பயன்படுத்தலாம் என்று பார்க்கலாம். வகுப்பு ஷிஃப்டோடு மோதுமா என்று முதலில் பாருங்கள், பலரும் பாதியில் விடுவது அதனால்தான்.

எரிச்சல் மனத்தால் மட்டும் வருவதல்ல. சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். 'ஹெல்த்தியர் எஸ்ஜி' என்ற அரசு சுகாதாரத் திட்டத்தில் அவர் பதிந்த மருந்தகத்தில் (கிளினிக்) பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைகள் குடிமக்களுக்கு இலவசம். அவர் தன்னையே வெறுத்துப் பேசினால், இருந்து என்ன பயன் என்றால், காத்திருக்க வேண்டாம். 1771 மனநல உதவி எண், நெருக்கடி என்றால் 1767. சிண்டாவிலோ (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்திலோ தமிழ் பேசும் ஆலோசகர் வேண்டும் என்று முன்பதிவின்போதே கேளுங்கள். அவர் வரமாட்டார் என்றால் நீங்கள் மட்டும் போகலாம்.

கார் ஒப்பந்தம் பற்றி: குறைந்தபட்ச வாடகைக் காலம், முன்பணம், விபத்தில் அவர் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை. மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகுதான் கையெழுத்து.