வெயிலில் எடுக்கும் ட்ரோன் வீடியோ வெட்டி வெட்டித் தெரிகிறது; எந்த என்டி ஃபில்டர் வாங்கலாம்?

ஷட்டர் வேகம்தான் காரணம். டிஜேஐ மினி 3, மினி 4 ப்ரோ போன்றவற்றில் லென்ஸ் துளை எஃப்/1.7-லேயே நிற்கும், சுருக்க முடியாது. உச்சி வெயிலில் கேமராவுக்கு வேறு வழியில்லாமல் ஷட்டரை 1/4000 நொடி, 1/8000 நொடி என்று ஏற்றிவிடும். ஒவ்வொரு ஃபிரேமும் துளி மங்கல்கூட இல்லாமல் உறைந்து நிற்பதால் அசைவு துண்டு துண்டாகத் தெரிகிறது. நொடிக்கு 30 ஃபிரேமில் எடுத்தால் ஷட்டர் 1/60 அருகே இருக்க வேண்டும். அதற்காக லென்ஸுக்குள் போகும் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடிதான் என்டி ஃபில்டர்; என்டி64 என்றால் 64-ல் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே போகும்.

கணக்கு சுலபம். ஃபில்டர் போடாமல் பறக்கவிட்டு, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100-ல் வெளிச்சம் சரியாக அமையும் ஷட்டரைப் பாருங்கள். 1/4000 என்றால், 4000-ஐ 60-ஆல் வகுக்க 66 சொச்சம் வரும்; என்டி64 போடலாம். 1/8000 என்றால் என்டி128. மினி 2 மாதிரி எஃப்/2.8 லென்ஸ் என்றால் என்டி32, என்டி64 இரண்டுக்குள் வேலை முடிந்துவிடும். 1/60-க்குப் பதில் 1/100 வந்தாலும் பரவாயில்லை, கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது.

போலரைசர் சேர்ந்த ஃபில்டரை முதலில் வாங்காதீர்கள். தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கும், சரி. ஆனால் ட்ரோன் திசை திரும்பும்போதெல்லாம் வானத்தின் நிறமும் மாறிக்கொண்டே போகும்.

அப்புறம், ட்ரோனை ஆன் செய்யும் முன்பே ஃபில்டரை மாட்டிவிடுங்கள். கேமராவை ஆடாமல் பிடிக்கும் கிம்பல் ஓடும்போது கை வைக்கக் கூடாது. 100 மீட்டர் உயரத்தில் மெதுவாக நகரும் காட்சிக்கு ஃபில்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. தரையை ஒட்டி வேகமாகப் பறக்கும்போதுதான் போட்ட காசு தெரியும்.